பாண்டைச் சாகடிக்காமல் விளையாடுங்கள்: 'எவ்ரிதிங் ஆர் நத்திங்'கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜேம்ஸ் பாண்ட் கேம் என்றாலே 1997-ல் வந்த 'கோல்டன்ஐ'யைத்தான் எல்லோரும் தூக்கிவைத்துப் பேசுவார்கள். பேசட்டும். ஆனால் 2004-ல் பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப் மூன்றுக்கும் வந்த 'எவ்ரிதிங் ஆர் நத்திங்'கைப் பற்றிக் கேட்டால் "அப்படி ஒண்ணு இருக்கா?" என்பார்கள். எந்தப் படத்தின் கதையும் அல்ல, கேமுக்கென்றே எழுதிய கதை. பியர்ஸ் பிராஸ்னனின் முகமும் குரலும்தான் பாண்ட், அதோடு அவர் பாண்ட் வேஷத்தைக் கழற்றிவிட்டார். இந்த லீவுக்கு வில்லாபுரம் வந்திருக்கும் அக்கா பையன்கள் இருவரும் பரணில் கிடந்த பிளேஸ்டேஷனை இறக்கி இதைப் போட்டு விளையாடுகிறார்கள், அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாம் பண்ணிய கூத்தை வரிசை மாறாமல் பண்ணுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை, அதனால்தான் இது. மறைந்து நில், குண்டைப் பார்த்துச் செலவழி என்பதையெல்லாம் சொல்லப்போவதில்லை, இரண்டு தடவை செத்தால் தானாக வந்துவிடும்.

போனில் விளையாடிவிட்டு 'பார்த்துட்டேன்' என்பது

கையில் வைத்து ஆடும் கேம்பாய் அட்வான்ஸுக்கு இதே பெயரில் 2003 நவம்பரிலேயே ஒன்று வந்தது. மேலேயிருந்து சாய்வாகப் பார்க்கிற மாதிரி, குட்டி குட்டி ஆட்களோடு இருக்கும். போனில் பழைய கேம்களை ஓட்டும் எமுலேட்டர் வைத்திருக்கிற பையன்கள் கையில் முதலில் சிக்குவது இதுதான். பெயர் ஒன்று, கேம் வேறு. அதை வைத்து இதை எடைபோடாதீர்கள்.

கம்ப்யூட்டர் டிஸ்க் தேடி அலைவது

கிடையாது. வரவே இல்லை.

பாண்ட் சென்ஸைத் தொடாமல் முழு கேமையும் ஓட்டப் பார்ப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். 'பாண்ட் சென்ஸ்' என்று ஒரு வசதி உண்டு. அமுக்கினால் சுற்றியுள்ள எல்லாமே ஆமை வேகத்துக்கு வந்துவிடும். எதிரி எங்கே நிற்கிறான், எதைச் சுட்டால் வெடிக்கும், எந்த இடத்தில் கயிற்றுக் கொக்கி மாட்டும் என்று பார்க்க வேண்டியதெல்லாம் திரையில் தனியாகத் தெரியும். எந்தத் துப்பாக்கி, எந்தக் கருவி என்று அந்த நேரத்திலேயே நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். உலகம் மொத்தமாக நின்றுவிடாது, மெதுவாகும், அவ்வளவுதான். ஆனால் அந்த இடைவெளி போதும்.

முதல் சில மிஷன்களில் இது இல்லாமலே தாண்டிவிடலாம் என்பதுதான் வம்பு. ஆரம்பத்தில் வரும் எகிப்து மிஷன்களில் கண்ணில் பட்டவனை எல்லாம் சுட்டுக்கொண்டே போகலாம், கேமும் ஒன்றும் சொல்லாது. பழக்கம் அங்கேயே கெட்டுப்போகிறது. பெரு, நியூ ஆர்லியன்ஸ் என்று போகப் போக ஆள் கூடும், குண்டு குறையும், அப்போது வாசலிலேயே நின்று சுடுகிறவன் வாசலிலேயே சாவான்.

"மாமா, சுட்டுக்கிட்டே இருக்கேன், வந்துக்கிட்டே இருக்கானுங்க."

"அந்த பட்டனை அமுக்குடா."

"அதை அமுக்குனா ஸ்லோவாயிரும் மாமா."

ஸ்லோவாவதற்குத்தானே அது இருக்கிறது! சின்னவன் செத்த அதே அறையில் கன்ட்ரோலரை வாங்கி அமுக்கிக் காட்டினேன். சுவரில் தரையை ஒட்டி ஒரு காற்றுக்குழாய் வாய், அவன் கண்ணில் அதுவரை படவே இல்லை. பாண்டுக்குக் கருவிகள் செய்து தரும் கியூ கொடுத்துவிடும் சிலந்தி ஒன்று பாண்டிடம் இருக்கும், ரிமோட்டில் ஓட்டுகிற பொம்மை மாதிரி. அதை அதற்குள் விட்டு, அந்தப் பக்கம் நிற்கிறவன் காலடியில் கொண்டுபோய் வெடிக்கவைத்தால் பாதி வேலை முடிந்தது. பாண்ட் தலையே காட்டவில்லை. பையன் வாயைப் பிளந்தான், அப்புறம் அடுத்த அறையில் மறுபடியும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினான், அது வேறு விஷயம்.

சிம்மக்கல்லில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் நண்பர் ஒருவர் இப்படியேதான் பாதி கேம் வரை வந்தார். ஒரு மிஷனில் மாட்டிக்கொண்டு நாள்கணக்கில் முட்டி, கடைசியில் டிஸ்க்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். அதோடு விட்டாரா, பார்க்கிறவர்களிடமெல்லாம் "மொக்கை கேம், சும்மா சுடுறது மட்டும்தான்" என்று சொல்லியும் வைத்தார். இந்தக் கேமுக்குக் கிடைக்க வேண்டிய பேர் கிடைக்காமல் போனதில் இப்படிப்பட்ட ஆட்களுக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். ஒற்றன் கேமை ராணுவக் கேமாக ஆடிவிட்டு, ஒற்றன் வேலையே இல்லை என்று குறை சொன்னால் என்ன செய்வது? ஒழுங்காகப் பார்த்து ஆடினால், கூட்டமாக நிற்கிறவர்கள் தலையில் எதையாவது சரித்துவிடுவது, எதிர்பாராத வழியில் நுழைவது என்று அங்கங்கே வாய்ப்பு ஒளிந்திருக்கும். செய்துவிட்டால் திரையில் 'பாண்ட் மொமன்ட்' என்று வரும். ஓடுகிறவன் இதில் பாதியைக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

அதனால் கதவைத் திறந்ததும் முதலில் சென்ஸ், பிறகுதான் சுடுவது. கொஞ்ச நேரத்தில் கை தானாகப் போகும்.

லாக் ஆனதும் குண்டைக் கொட்டுவது

எதிரியை லாக் செய்தால் குறி உடம்பின் நடுவில் போய் உட்காரும். அங்கேயே சுட்டுத் தீர்ப்பதுதான் எல்லோரும் செய்வது. லாக் இருக்கும்போதே இன்னொரு ஸ்டிக்கால் குறியை நுணுக்கமாக நகர்த்தலாம். கொஞ்சம் மேலே ஏற்றுங்கள், நாலு குண்டில் முடிவதை ஒன்றில் முடிக்கலாம்.

பாலத்தில் ஆக்சிலரேட்டரை விடவே மாட்டேன் என்பது

நியூ ஆர்லியன்ஸ் பக்கம் பான்ட்சார்ட்ரெய்ன் ஏரிமேல் நிஜமாகவே ஒரு பாலம் இருக்கிறது, சுமார் 38 கிலோமீட்டர், நம் மதுரையிலிருந்து உசிலம்பட்டி வரைக்கும் பாலமாகவே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரும்புப்பல் அடியாள் ஜாஸ் டேங்கர் லாரியை ஓட்டிக்கொண்டு நகரத்தின் வெள்ளத்தடுப்புக் கரைகளை உடைக்கப் போகிறான், நாம் டிரயம்ப் பைக்கில் துரத்த வேண்டும். (கேம் வந்த அடுத்த வருஷம், 2005 ஆகஸ்டில், கத்ரீனா புயலில் அந்த ஊர்க் கரைகள் நிஜமாகவே உடைந்தன. அதற்கப்புறம் இந்த மிஷனை விளையாடும்போது ஒரு மாதிரி இருக்கும்.) இந்தக் கேமில் அதிகம் பேரைக் கதறவிட்ட மிஷன் இதுவாகத்தான் இருக்கும். பிரேக்கைத் தொட்டால் அவன் போய்விடுவான் என்ற பயத்தில் முறுக்கிக்கொண்டே போய் நடுவில் வரும் வண்டியில் மோதுகிறார்கள். ஒரு மோதலில் போகிற நேரம், வேகத்தைக் கொஞ்சம் குறைப்பதில் போகிற நேரத்தைவிட அதிகம். பைக்கைச் சாய்த்து வண்டிக்கு அடியில் சறுக்கவும் முடியும். அதைப் பழகாமல் இந்த மிஷனுக்குள் வராதீர்கள்.

மெமரி கார்டு இல்லாமல் உட்காருவது

மே மாதம். மதுரை. கரண்ட் போகும். கார்டில் சேவ் ஆகாவிட்டால் ஆடியதெல்லாம் போச்சு.

கதைக் காட்சிகளைத் தாண்டிவிடுவது

வில்லன் டியாவலோவுக்குக் குரல் வில்லெம் டஃபோ, பாண்டின் மேலதிகாரி எம் ஜூடி டென்ச், கியூ ஜான் கிளீஸ். கதை எழுதிய புரூஸ் ஃபெயர்ஸ்டீன் பிராஸ்னன் படங்களுக்கும் எழுதியவர். 1985 படத்து வில்லன் மேக்ஸ் ஸோரினின் சிஷ்யன்தான் இந்த டியாவலோ, காட்சிகளைத் தாண்டிவிட்டால் அது எப்படித் தெரியும்? பெரியவன் எல்லாவற்றையும் தாண்டிவிட்டு, மாஸ்கோ வந்ததும் "இவன் யாரு மாமா?" என்கிறான்.

ஈஸியிலேயே முடித்துவிட்டு மூட்டை கட்டுவது

'ஆபரேட்டிவ்' என்ற ஈஸி நிலை பழகுவதற்கு மட்டும். அடுத்த நிலையில் மறுபடி ஆடுங்கள்.

முதல் நாளே இரண்டு பேராக இறங்குவது

இருவர் ஆடும் கோ-ஆப் மிஷன்கள் தனி, பாண்டின் கதைக்குள் வராது. திரையும் இரண்டாகப் பிரியும், சின்ன டிவியில் யார் எங்கே என்றே தெரியாமல் சண்டைதான் வரும். ஆளுக்கு ஒரு மிஷனாகக் கதையை ஆடிப் பழகிய பிறகு, ஹாலில் இருக்கிற பெரிய டிவியில் வைத்து ஆடுங்கள், வீட்டில் சீரியல் ஓடாத நேரமாகப் பார்த்து.