பஸ்ஸைக் கடைசியாக வாங்குங்கள்

நகரப் பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்றுவது என்று முடிவானதும் நிர்வாகத்தில் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி பஸ்?" என்பதுதான். பஸ்களுக்கு டூட்டி போட்டே தலை நரைத்தவன் நான். என்னைக் கேட்டால் அந்தக் கேள்விக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது. முதலில் மேசைக்கு வர வேண்டியது டெப்போவின் டூட்டி சார்ட், அதாவது எந்தப் பஸ் எப்போது எந்தத் தடத்தில் ஓடுகிறது என்ற அட்டவணை.

ஒவ்வொரு பஸ்ஸும் காலையில் கிளம்பி இரவு உள்ளே வருவதற்குள் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று எழுதுங்கள். டெப்போவிலிருந்து முதல் நிறுத்தத்துக்குக் காலியாகப் போவதையும் சேருங்கள். பக்கத்திலேயே இன்னொரு கட்டம்: பஸ் எங்கே, எத்தனை நிமிடம் சும்மா நிற்கிறது? டீசலில் இந்தக் கட்டம் தேவைப்பட்டதே இல்லை. டேங்கை நிரப்பிவிட்டால் நாள் முழுக்கக் கவலை இல்லை.

இப்போது பேட்டரிக் கணக்கு. 12 மீட்டர் பஸ் ஒன்றில் 300 யூனிட் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கும்வரை அதே பஸ்ஸைத்தான் ஓட்டப் போகிறோம். ஆகவே கணக்கை 240-இல் தொடங்குங்கள். வழியில் நின்றுவிடாமலிருக்க அதில் 15 சதவீதத்தை ஒதுக்கினால் மிச்சம் 204. ஏசி ஓட, கூட்டம் நிறைந்த பஸ் கிலோமீட்டருக்கு 1.3 யூனிட் குடித்தால், 157 கிலோமீட்டர். விற்பனைத் தாளில் இதைவிடப் பெரிய எண்தான் இருக்கும். அது புது பேட்டரிக்கு, அதுவும் பெரும்பாலும் காலி பஸ்ஸுக்கு. 1.3 என்பதும் உங்கள் தடத்தின் எண் இல்லை. ஒரு பஸ்ஸை இரவல் வாங்கி, பயணிகளின் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி, வெயிலோ குளிரோ உச்சத்தில் இருக்கும் மாதத்தில் உங்கள் மேம்பாலங்களில் ஓட்டிப் பார்த்துத்தான் அந்த எண்ணை எடுக்க வேண்டும். குளிர் ஊர்களில் ஹீட்டர் ஏசியை விடவும் அதிகம் இழுக்கும். மாஸ்கோவில் 2018-இல் ஓடத் தொடங்கிய மின்சாரப் பஸ்களில் ஹீட்டருக்கு மட்டும் டீசல் வைத்தார்கள்.

எண் கிடைத்ததும் டூட்டிகளைப் பிரியுங்கள். 150-க்குள் முடிபவை இரவுச் சார்ஜிலேயே ஓடும். அதற்கு மேல் போனால், காலைக் கூட்டம் அடங்கி மாலைக் கூட்டம் தொடங்கும் முன் ஒரு மணி நேரம் டெப்போவுக்குத் திரும்ப முடிகிறதா என்று பாருங்கள். அதுவும் முடியாதவற்றுக்குக் கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸின் கூரை வழியாக வேகச் சார்ஜ் கொடுக்கலாம், டூட்டியையே இரண்டாக உடைக்கலாம், அல்லது இப்போதைக்கு டீசலிலேயே விடலாம். டூட்டியை உடைத்தால் 10 டீசல் பஸ் செய்த வேலைக்கு 11 அல்லது 12 மின்சாரப் பஸ் கேட்கும். அந்தக் கூடுதல் வண்டிகளுக்கான பணத்தை முதல் திட்டத்திலேயே கேளுங்கள். பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

அப்புறம் மின்வாரியம். நூறு பஸ்ஸும் இரவு வந்ததும் 60 கிலோவாட் சார்ஜரில் ஒரே நேரத்தில் சொருகினால் 6,000 கிலோவாட் வேண்டும். ஆனால் பஸ்ஸுக்கு 200 யூனிட் வீதம் தேவை 20,000 யூனிட்தான். முறைவைத்து ஆறு மணி நேரத்தில் ஏற்றினால், சார்ஜரில் போகும் இழப்பையும் சேர்த்து 4,000 கிலோவாட்டுக்குள் முடியும். உச்ச இழுப்பை வைத்துக் கட்டணம் போடும் இடங்களில் இந்த வித்தியாசம் மாதாமாதம் பில்லில் தெரியும். ஆகவே முறைவைத்துச் சார்ஜ் செய்யும் மென்பொருளைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். டெண்டர் விடும் முன்பே உயரழுத்த இணைப்புக்கு மனு கொடுங்கள். இல்லாவிட்டால் பஸ் வந்து நிற்கும், டிரான்ஸ்ஃபார்மர் வந்திருக்காது. முடிந்தால் வேறொரு துணை மின்நிலையத்திலிருந்து இரண்டாவது ஃபீடரும், அதாவது இன்னொரு மின்வழியும் கேளுங்கள்.

டெப்போ மைதானத்துக்கு வருவோம். டீசல் பஸ்களை மூக்கும் வாலும் ஒட்ட நிறுத்தலாம். சார்ஜர் வந்தால் அது நடக்காது. சார்ஜ் சொருகும் துளை ஒரு கம்பெனி பஸ்ஸில் பின்பக்கம் இருக்கும், இன்னொன்றில் முன் சக்கரத்துக்கு மேலே. கேபிளோ கனமானது, நீளமும் சில மீட்டர்தான். துளை எந்தப் பக்கம், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை டெண்டரிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தொகுதி பஸ் வரும்போது பாதி வண்டிகளை ரிவர்ஸில்தான் நிறுத்த வேண்டியிருக்கும்.

இரவு ஷிஃப்டில் ஒரு ஆளை இதற்கென்றே போடுங்கள். கேபிளைச் சொருகியதும் பச்சை விளக்கு எரியும். பத்து நிமிடம் கழித்துப் பஸ்ஸுக்கும் சார்ஜருக்கும் பேச்சுவார்த்தை முறிந்து சார்ஜ் நின்றிருக்கும். காலை நாலு மணிக்கு டிரைவர் ஏறிப் பார்த்தால் 31 சதவீதம். சொருகி ஒரு மணி நேரம் கழித்து ஒவ்வொரு சார்ஜர் திரையையும் நடந்து போய்ப் பார்த்து நோட்டில் எழுதும் ஒருவர் இருந்தால் இந்தத் தலைவலி பெருமளவு தீரும். கட்டுப்பாட்டு அறைத் திரை இருந்தாலும் அந்த நடை வேண்டும்.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால் இன்னொன்றும் உண்டு. சார்ஜ் குறைந்துகொண்டே வந்தாலும் அதன் வோல்டேஜ் நடுவில் கிட்டத்தட்ட அசையாது. அதனால் டேஷ்போர்டில் தெரியும் சதவீதம் நாளடைவில் பிசகும். கம்பெனி சொல்லும் இடைவெளியில் 100 வரை ஏற்றி, பேட்டரிக்குள் இருக்கும் செல்கள் எல்லாம் சமன் ஆகும்வரை விடுங்கள். கடைசிச் சில சதவீதம் மெதுவாகத்தான் ஏறும். அந்த நேரத்தையும் டூட்டி சார்ட்டில் வையுங்கள்.

டிரைவர்களுக்குப் பயிற்சி என்றால் ஒரு நாள் வகுப்பு போதாது. ஆக்சிலரேட்டரை முன்கூட்டியே விட்டு, மோட்டாரே வேகத்தைக் குறைக்கும்படி ஓட்டுபவர் மின்சாரத்தைத் திரும்பப் பேட்டரிக்கு அனுப்புகிறார். கடைசி நொடியில் பிரேக்கை மிதிப்பவர் அந்த ஆற்றலைச் சூடாக்கி வீணடிக்கிறார். மெக்கானிக்குகளுக்கு ஆரஞ்சு நிறக் கேபிள் என்றால் கை வைக்கக் கூடாது என்பது ரத்தத்தில் ஊற வேண்டும். அதில் 600 வோல்ட், சில வண்டிகளில் அதற்கும் மேல். இணைப்பைத் துண்டித்த பிறகும், மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெபாசிட்டர்கள் வடியக் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். தனியாக யாரும் வேலை செய்யக் கூடாது. இவ்வளவுக்கும் நடுவில், காலையில் வண்டி உயிர் பெறாததற்குக் காரணம் பழைய 24 வோல்ட் பேட்டரியாகவும் இருக்கலாம். அதையும் சோதனைப் பட்டியலில் வையுங்கள்.

தீயைப் பற்றிப் பயமுறுத்த விருப்பமில்லை, ஆனால் 2022 ஏப்ரலில் பாரிஸில் இரண்டு பஸ்கள் எரிந்ததும் அதே வகையைச் சேர்ந்த 149 மின்சாரப் பஸ்களைத் தற்காலிகமாகச் சாலையிலிருந்து எடுத்தார்கள். எல்லா வண்டியும் ஒரே மாடலாக இருந்தால் ஒரே நாளில் அத்தனையும் நிற்க நேரலாம். நிறுத்தும் இடத்தில் இடைவெளி எவ்வளவு, எரியும் வண்டியை எங்கே இழுத்துப் போவது, தண்ணீர் எங்கிருந்து என்பதை டெப்போ வரைபடம் முடியும் முன் தீயணைப்புத் துறையோடு உட்கார்ந்து பேசுங்கள்.

ஒப்பந்தத்தில் நான் தேடிப் படிப்பது இரண்டு இடங்கள். பேட்டரி உத்தரவாதத்தில் மிச்சக் கொள்ளளவை யார், எந்த முறையில் அளப்பது? பஸ்ஸின் தரவு யாருக்குச் சொந்தம்? அமெரிக்காவின் மின்சாரப் பஸ் கம்பெனி புரோடெரா 2023 ஆகஸ்டில் திவால் பாதுகாப்பு கேட்டது. அந்தக் கம்பெனியின் பஸ்களை வைத்திருந்தவர்களுக்கு உதிரிபாகம் ஒரு பெரிய கேள்வியானது. அப்படி ஒரு நாள் வந்தால் வரைபடமும் மென்பொருளும் உங்கள் கைக்கு வர வழி இருக்கிறதா என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சீனாவின் ஷென்சென் நகரம் 2017-க்குள் சுமார் 16,000 பஸ்களையும் மாற்றிவிட்டதே என்று கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்பார்கள். உண்மைதான். பெரிய அரசு மானியத்தோடு, பல ஆண்டுகள் படிப்படியாக நடந்தது அது.

இவ்வளவும் முடிந்தால் பஸ்ஸுக்கு டெண்டர் விடலாம். பழைய டீசல் வண்டிகளை மட்டும் அவசரப்பட்டு ஏலத்துக்கு அனுப்பாதீர்கள். வெயிலும் மழையும் ஒரு சுற்று வந்து, டூட்டி சார்ட்டில் இருந்தும் ஓடாமல் விடுபட்ட டிரிப்புகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கும்வரை சில வண்டிகள் ஷெட்டில் ஓடும் நிலையில் இருக்கட்டும்.