பதினேழு வயதில் முடிவு கட்டாதீர்கள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் செம்மண் தரையில் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லித்தருகிறேன். ஆள் வளர்க்கும் பாடத்தை நான் கற்றதோ ஐஸ் ஹாக்கியிடம்.

வட அமெரிக்காவின் என்.எச்.எல். என்ற ஐஸ் ஹாக்கி லீகில், அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஆள்தேர்வு ஆண்டுதோறும் நடக்கும். 1998 ஆள்தேர்வில் பாவெல் தாத்சூக்கை அமெரிக்காவின் டெட்ராய்ட் அணி 171ஆவது ஆளாக எடுத்தது. மறு ஆண்டு ஹென்ரிக் செட்டர்பெரியை 210ஆவதாக. இருவரையும் உடனே இழுத்து வரவில்லை. ரஷ்யாவிலும் ஸ்வீடனிலுமே பழுக்கவிட்டது. தாத்சூக் 2001இல்தான் வந்தார், 2002இல் அந்த லீகின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை ஏந்தினார். 2008இல் டெட்ராய்ட் மறுபடி வென்றபோது, இறுதிச் சுற்றுகளின் சிறந்த வீரர் செட்டர்பெரி.

அத்தனை பேருக்குப் பின்னால் எடுக்கப்பட்டவர்களே இப்படி உயர்ந்தார்கள். ஆகவே உயரத்தையும் எடையையும் முதலில் அளக்காதீர்கள். பந்து வருவதற்கு முன்பே பிள்ளையின் கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். ஓட்டத்தைப் பயிற்சியால் கூட்டலாம். அந்தப் பார்வையைக் கூட்டுவது மிகக் கடினம்.

பெரிய அணியின் பெஞ்சில் உட்காரவைக்காமல் சிறிய அணியில் முழு ஆட்டமும் ஆடவிடுங்கள். டெட்ராய்ட்டுக்குக் கிராண்ட் ராபிட்ஸில் துணை அணி இருப்பது இதற்காகத்தான்.

ஒவ்வொருவருக்கும் தனி நோட்டு வையுங்கள். அடுத்த பிள்ளையோடு ஒப்பிடாமல், அதே பிள்ளையின் மூன்று மாதத்துக்கு முந்தைய பக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

குட்டை என்று ஒரு தேர்வில் கழிக்கப்பட்ட தென்னந்தோப்புத் தொழிலாளியின் மகள் என்னிடம் இருக்கிறாள். "இன்னும் எத்தனை நாள் சார்?" என்றார் அவள் அம்மா. நோட்டைத் திறந்து காட்டினேன். "இன்னும் இரண்டு வருடம் கொடுங்கள், அம்மா" என்றேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவரே அவளை அழைத்து வந்தார்.