கையொப்பமிடும் முன்: கட்டட ஒப்பந்த நிர்வாகத்தில் வடிவமைப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரைபடம் தயாரிக்கும்போது கட்டடக் கலைஞரும் கட்டமைப்புப் பொறியாளரும் காட்டும் கவனம், வேலை தொடங்கிய பிறகு தங்கள் மேசைக்கு வரும் தாள்களுக்குப் பல நேரங்களில் கிடைப்பதில்லை. ஒப்பந்ததாரரின் பில், பட்டறையிலிருந்து வரும் ஷாப் டிராயிங் (பாகங்களைத் தயாரிக்கும் விதத்தைக் காட்டும் விரிவான வரைபடம்), கால நீட்டிப்புக் கோரும் கடிதம் என ஒவ்வொன்றின் கீழும் இடப்படும் கையொப்பம் ஒரு சாட்சியம். அதை நம்பி ஒருவர் பணம் கொடுக்கிறார், இன்னொருவர் இரும்பை வெட்டுகிறார். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லும் கையொப்பமே இந்தத் தொழிலில் மிகவும் அபாயமானது என்பது என் உறுதியான கருத்து.

வேலை நடக்கும்போதே அவ்வப்போது வரும் இடைக்கால பில்லுக்குச் சான்றளிப்பதை வெறும் கணக்குச் சரிபார்ப்பாக எண்ணுவது முதல் தவறு. இங்கிலாந்தின் சட்கிளிஃப் – தாக்ரா வழக்கில், வீடு கட்டுவித்த உரிமையாளர் தம் கட்டடக் கலைஞர் அளித்த சான்றுகளை நம்பிப் பணம் கொடுத்தார். அத்தொகைகளில் குறைபாடுள்ள வேலைக்கான பணமும் சேர்ந்திருந்தது. பிறகு ஒப்பந்ததாரர் நொடித்துப் போனதால் கூடுதலாகப் போன பணத்தை அவரிடமிருந்து மீட்க வழியில்லாமல், உரிமையாளர் கட்டடக் கலைஞர்மீது வழக்குத் தொடர்ந்தார். சான்றளிப்பவர் நடுவரைப் போன்றவர், ஆகவே அவர்மீது வழக்குத் தொடர முடியாது என்று 1901ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று அதுவரை பாதுகாப்பு அளித்து வந்தது. 1974இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை அந்தப் பாதுகாப்பை நீக்கியது. இருதரப்புக்கும் நியாயமாக நடக்கும் கடமை சான்றளிப்பவருக்கு உண்டு என்பதாலேயே அவர் நடுவராகிவிட மாட்டார் என்றும், கவனக்குறைவாகச் சான்றளித்தால் அவர் தம் கட்சிக்காரருக்குப் பொறுப்பாவார் என்றும் அது கூறியது.

ஆகவே பில்லில் கையொப்பமிடும் முன் தளத்துக்குச் சென்று பார்க்க வேண்டும். தேன்கூடு போல ஓட்டை விழுந்த கான்கிரீட்டையோ தூக்குக் குண்டுக்கு நிற்காத சுவரையோ கண்டால், அளவெடுப்பவருக்கு எழுத்தில் தெரிவித்து அந்தத் தொகையை நிறுத்தி வைக்க வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு. உரிமையாளரிடம் இந்த மாதம் பணமில்லை என்பதற்காக முறையாக முடிந்த வேலையின் தொகையைக் குறைத்துச் சான்றளிப்பது அதே கடமையை மீறுவதாகும். கட்டணம் தருபவர் உரிமையாளர் என்பதால் இந்த இடத்தில் உறுதியாக நிற்பது கடினம். ஆனாலும் நின்றே ஆக வேண்டும்.

ஷாப் டிராயிங்கில் முத்திரை குத்துவதைப் பற்றிப் பேசும்போது, அமெரிக்காவின் கான்சாஸ் நகர ஹையாட் ரீஜென்சி விடுதியை நினைக்காமல் இருக்க முடியாது. அங்கே இரண்டாம் தள, நான்காம் தள நடைபாலங்கள் இரண்டையும் கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பிகள் தாங்க வேண்டும் என்பது முதல் வடிவம். தயாரிப்பாளரின் வரைபடத்தில் ஒவ்வொரு கம்பியும் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, கீழ்ப்பாலம் மேல்பாலத்தின் பீமிலிருந்து தொங்குமாறு மாறியது. இதனால் நான்காம் தள பீமில் கம்பி இணையும் இடத்தில் விழும் சுமை இரு மடங்கானது. பொறியாளரின் முத்திரையுடன் அந்த வரைபடம் திரும்பிச் சென்றது. 1981 ஜூலை 17 அன்று பாலங்கள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தனர். பொறுப்பான பொறியாளர்கள் தம் உரிமத்தை இழந்தனர். பின்னர் நடந்த ஆய்வில், முதல் வடிவத்தின் இணைப்பே கட்டட விதி கேட்ட வலுவில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் கொண்டிருந்தது என்று தெரிந்தது. ஆக, அந்த ஒரு தாளை நிறுத்திக் கணக்கிட்டிருந்தால் இரண்டு பிழைகளும் வெளிப்பட்டிருக்கும். இணைப்பு விவரத்தை யார் கணக்கிடுவது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவைக்காத இடத்தில், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று நம்பிவிடுகிறார்கள்.

‘முழு மேற்பார்வை’ என்ற சொல்லைக் கட்டணக் கடிதத்தில் தாராளமாக எழுதுவதும் தவறு. இந்தியக் கட்டடக்கலைக் கவுன்சிலின் பணி நிபந்தனைகள் கட்டடக் கலைஞரிடம் எதிர்பார்ப்பது குறிப்பிட்ட இடைவெளிகளில் தளத்தைப் பார்வையிடுவதை. நாள் முழுதும் கண்காணிக்கத் தனி ஆள் அமர்த்தப்பட வேண்டும். மாதம் இருமுறை போகிறவர் அன்றாட மேற்பார்வைக்கு வாக்களித்தால், பிரச்சினை வரும்போது அந்த வாக்கைக் கொண்டே அளக்கப்படுவார். சென்ட்ரிங்குக்கு (கான்கிரீட் வார்க்கும் தற்காலிக அச்சுக்கு) எப்படி முட்டுக்கொடுப்பது போன்ற வேலைமுறை முடிவுகள் ஒப்பந்ததாரருடையவை. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் ஏ201 என்ற மாதிரி ஒப்பந்தப் பொது நிபந்தனைகளும் அப்படியே வகுக்கின்றன. ஆனால் முட்டு சாய்ந்திருப்பதைக் கண்ணால் கண்டும், அது என் வேலையன்று என்று திரும்பி வருவதற்கு எந்த நிபந்தனையும் நியாயமாகாது. உடனே சொல்லுங்கள், அன்றே எழுதியும் அனுப்புங்கள்.

தளத்தில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வரும் மாற்றங்களும் பின்னால் திரும்பி வரும். பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட ‘சிவப்புப் புத்தகம்’ என்ற மாதிரி ஒப்பந்த நிபந்தனைகளின்படி, பொறியாளரின் வாய்மொழி உத்தரவை ஒப்பந்ததாரர் இரண்டு வேலை நாட்களுக்குள் எழுத்தில் உறுதிசெய்து அனுப்பி, அதற்கு அடுத்த இரண்டு வேலை நாட்களுக்குள் எழுத்துமூல மறுப்போ உத்தரவோ வராவிட்டால், அந்த உறுதிக் கடிதமே எழுத்துமூல உத்தரவாகிவிடும்.

கால நீட்டிப்புக் கடிதங்களை ‘கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கோப்பில் போட்டுவைப்பது உரிமையாளரையே பாதிக்கும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, காலம் இன்றியமையாததாக அமைந்த ஒப்பந்தத்தில், தாமதமாக நிறைவேற்றப்பட்ட வேலையை ஏற்றுக்கொள்ளும்போதே இழப்பீடு கோரும் எண்ணத்தை அறிவிக்காத தரப்பு, அந்தத் தாமதத்துக்காகப் பின்னர் இழப்பீடு கேட்க முடியாது. ஆகையால் கோரிக்கை வந்தவுடன் காரணத்தை ஆராய்ந்து, எத்தனை நாள் நியாயமானது என்று முடிவுசெய்து பதில் எழுத வேண்டும். மீதி நாட்களின் தாமதத்துக்கு இழப்பீடு கோரும் அறிவிப்பை உரிய நேரத்தில் அனுப்புமாறு உரிமையாளருக்கும் எழுத்தில் நினைவூட்ட வேண்டும்.