நெல்லைச் சீமையில் பூர்வீகம் தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

கொழும்பு, பினாங்கு, மும்பை என்று எங்கிருந்து வந்தாலும், தாத்தாவின் ஊரைத் தேடுபவர்கள் முதலில் சறுக்குவது மாவட்டத்தில்தான். பழைய காகிதத்தில் ‘திருநெல்வேலி ஜில்லா’ என்று இருப்பதை நம்பி ஜங்ஷனில் இறங்கி விசாரிப்பார்கள். அந்த ஜில்லா இன்று அப்படியே இல்லை. கோவில்பட்டி, திருச்செந்தூர் பக்கமெல்லாம் 1986இல் தூத்துக்குடியோடு போயிற்று. தென்காசி, சங்கரன்கோவில் 2019இல் தனியாகப் பிரிந்தன. செங்கோட்டையோ முதலில் திருவிதாங்கூர், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி. ஊர்ப் பெயரோடு தாலுகாவும் தெரிந்தால்தான் தேட முடியும். புதூர் என்ற பெயரில் மட்டும் எத்தனை ஊர் இருக்கிறது!

ஆள் பெயரை மட்டும் நம்புவதும் வீண். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது இங்கே வழக்கம். “சுடலைமுத்து வீடு எது?” என்று கேட்டால், “எந்தச் சுடலைமுத்து?” என்பார்கள். ரங்கூனுக்குப் போனவர், வண்டிமாடு வைத்திருந்தவர் என்று ஏதாவது அடையாளமோ பட்டப்பெயரோ சொன்னால் சட்டென்று பிடிபடும். அதையெல்லாம் புறப்படும் முன்பே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, குலதெய்வம் எது, குடும்பம் கும்பிடும் சாஸ்தா (அய்யனார்) எது என்று கேளுங்கள். இதைக் கேட்காமல் வருவதுதான் என் கணக்கில் பெரிய தவறு. பங்குனி உத்திரத்தன்று சொந்தமெல்லாம் சாஸ்தா கோயிலில் கூடும். பத்துத் தெரு அலைந்தும் கிடைக்காத பெரியப்பா அங்கே பொங்கல் பானை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கொடை என்னும் திருவிழா நடத்தும் கோயில் என்றால், அதற்கு வசூலித்த வரியை எழுதிய நோட்டு இருக்கும். தலைக்கட்டு வாரியாக, அதாவது குடும்பம் குடும்பமாக, யார், எந்த ஊரில் இருந்து, எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதியிருப்பார்கள். பழைய நோட்டு கிடைத்தால் அதைவிடப் பெரிய ஆவணம் வேண்டாம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்கலாம்.

ஆனால் கொடையன்றே போய் நோட்டைக் கேட்காதீர்கள். வில்லுப்பாட்டும் சாமியாட்டமும் நடக்கும்போது யாருக்கு நேரம்? ஒரு வாரம் கழித்துப் போங்கள்.

அடுத்தது நிலம். வந்த அன்றே “தாத்தா பேரில் பட்டா இருக்கா?” என்று கேட்டால் அப்புறம் வாய் திறக்க மாட்டார்கள். கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். நீங்கள் தெருவுக்குள் நுழையும் முன்பே “பங்கு கேட்டு வந்திருக்காக” என்ற பேச்சு நுழைந்துவிடும். அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு. தலைமுறையாக உழுதது அவர்கள். உங்களுக்கு வரலாறு மட்டும்தான் வேண்டும் என்றால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பத்திரத்தை அவர்களாக எடுத்துக் காட்டினால் பாருங்கள். அதில் 1085 என்று வருஷம் போட்டிருந்தால் மிரள வேண்டாம், அது மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு. 825ஐக் கூட்டினால் 1910 வரும். ஆவணியிலிருந்து மார்கழிப் பாதி வரையிலான தேதி என்றால் 824 கூட்ட வேண்டும்.

டீக்கடையில் சாதியைச் சொல்லித் தெருவை விசாரிப்பதையும் விட்டுவிடுங்கள். இந்தப் பக்கத்தில் அது சாதாரணக் கேள்வி இல்லை. குடும்ப அடையாளம் போதும், வழி காட்டுவார்கள்.

வீட்டுக்குள் போனபின் முறை தெரியாமல் ‘அங்கிள், ஆன்ட்டி’ என்று கூப்பிடாதீர்கள். எந்த ஆச்சியும் முதலில் முறையைத்தான் தீர்ப்பாள்: “உங்க தாத்தாவும் எங்க அப்பாவும் பங்காளி, அப்போ நீ எனக்கு மருமகன்லா!” அது முடியாமல் பேச்சு நகராது. அவசரப்படுத்தி போனில் ரெக்கார்டரை நீட்டினால் சொல்ல வந்ததும் பாதியில் நின்றுவிடும். சாப்பிடச் சொன்னால் உட்கார்ந்துவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் தொடர்பை விடுவது இன்னொரு தவறு. கல்யாணப் பத்திரிகை வரும், துட்டிச் (சாவு) செய்தி வரும். போக முடியாவிட்டாலும் ஒரு போன் போட்டு விசாரியுங்கள். கொடை வரி கேட்டால் மட்டும் யோசிக்காமல் அனுப்பிவிடுங்கள். நோட்டில் உங்கள் தலைக்கட்டும் ஏறிவிடும்.