பிக்கும் போச்சு, கேப்பும் போச்சு: என்.எஃப்.எல் அணி கட்டும் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நண்பர்கள் சிலர் சேர்ந்து அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல் விதிகளை அப்படியே வைத்து ஆன்லைனில் மேனேஜர் லீக் நடத்துகிறோம். ஆளுக்கு ஓர் அணி, ஏழு சுற்று ட்ராஃப்ட் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுப்பது; ஒரு முறைக்குப் பெயர் பிக், போன சீசனில் கீழே இருந்த அணிக்கு முதல் முறை), உண்மையான ஒப்பந்தக் கணக்கு, உண்மையான சாலரி கேப் (ஓர் அணி வருடச் சம்பளத்துக்குச் செலவு செய்யக்கூடிய வரம்பு). புதிதாகச் சேருகிறவர்கள் நாங்கள் ஆரம்பத்தில் விழுந்த அதே பள்ளங்களில் வரிசையாக விழுகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கேப்பைத் தாண்டக்கூடாது, காயத்தோடு இருப்பவரை விசாரிக்காமல் எடுக்கக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஒரே ஆளுக்கு இரண்டு தடவை விலை கொடுப்பது

இத்தனை சீசன் ஆன பிறகும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. போன சீசன் ஒரு தம்பி சேர்ந்தான். அவனுக்குக் கிடைத்தது அடிமட்டத்தில் கிடந்த அணி, ஆனால் கையில் நல்ல பிக்குகள், கேப்பில் தாராளமாக இடம். பொறுமையாக இருந்தால் மூன்று வருடத்தில் மேலே வந்திருக்கலாம். அவனோ வந்த வேகத்தில் இரண்டு முதல் சுற்று பிக்குகளைக் கொடுத்து முப்பது வயதை நெருங்கும் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) ஒருவரை வாங்கினான். அதோடு விட்டானா? அவருக்குச் சந்தையின் உச்ச விலையில் புது ஒப்பந்தமும் உடனே போட்டுவிட்டான். ஏன்டா என்று கேட்டால், "பிக் வெறும் லாட்டரிதானே அண்ணா, இவரு நிரூபிச்ச ஆளு, கேப்லதான் இடம் இருக்கே" என்கிறான்.

பிக் ஒரு கணக்கு, கேப் வேறு கணக்கு என்ற நினைப்பில் வரும் பதில் இது. இரண்டும் ஒரே பணம்தான். 2010இல் முதல் பிக்காக வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு ராம்ஸ் அணி ஆறு வருடத்துக்கு 78 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டது, அதில் 50 மில்லியனுக்கு உத்தரவாதம். அடுத்த வருடமே முதல் பிக் கேம் நியூட்டனுக்குக் கரோலினா கொடுத்தது நான்கு வருடத்துக்கு 22 மில்லியன். நடுவில் 2011இல் வந்த தொழிலாளர் ஒப்பந்தம் ரூக்கி (ட்ராஃப்டில் வரும் புதியவர்) சம்பளத்தைப் பிக் எண்ணோடு கட்டிப்போட்டுவிட்டது. நான்கு வருடம், முதல் சுற்று ஆளாக இருந்தால் அணி விரும்பினால் ஐந்தாவது வருடமும் வைத்துக்கொள்ளும் ஆப்ஷன், மூன்று சீசன் முடியும்வரை சம்பளத்தை மாற்றிப் பேச முடியாது. ஆகவே நீங்கள் பிக்கைக் கொடுக்கும்போது யாரென்று தெரியாத ஓர் இளைஞனை மட்டும் கொடுக்கவில்லை, நான்கு வருடத்துக்கான மலிவு விலையையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். அதற்குப் பதிலாக வருகிறவர் முழு விலை கேட்கிறவர் என்றால் முதலில் பிக்கில் கொடுத்தீர்கள், பிறகு கேப்பில் கொடுக்கிறீர்கள்.

டென்வர் அணி குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்) ரஸ்ஸல் வில்சனுக்குச் செய்ததை இதற்காகவே புதியவர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். 2022 மார்ச்சில் சியாட்டிலுக்கு இரண்டு முதல் சுற்று பிக்குகள், இரண்டு இரண்டாம் சுற்று பிக்குகள், ஓர் ஐந்தாம் சுற்று பிக், கூடவே மூன்று ஆட்டக்காரர்கள். திரும்பி வந்தது வில்சனும் ஒரு நான்காம் சுற்று பிக்கும். சரி, குவார்ட்டர்பேக் இல்லாத அணி, தவிப்பு புரிகிறது. ஆனால் வில்சனின் பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தது! ஒரு சீசன் ஆடவிட்டுப் பார்த்திருக்கலாம். அவர் டென்வருக்காக ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன், அதே செப்டம்பரில், ஐந்து வருட நீட்டிப்பாக 245 மில்லியன் போட்டார்கள். அந்த சீசன் 5 வெற்றி, 12 தோல்வி. அதனால் சியாட்டிலிடம் போயிருந்த 2023 முதல் சுற்று பிக் ஐந்தாவது பிக் ஆனது. 2024 மார்ச்சில், அதாவது அந்த நீட்டிப்பு வருடங்கள் தொடங்குவதற்கு முன்பே, வில்சனை வெளியே அனுப்பினார்கள். டெட் மணி (ஆள் போன பிறகும் கேப்பில் விழும் ஒப்பந்தப் பாக்கி) 85 மில்லியன், இரண்டு வருடங்களில் பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று. வில்சன் பிட்ஸ்பர்க்கில் போய் சுமார் 1.2 மில்லியன் குறைந்தபட்ச சம்பளத்துக்கு ஆடினார், மீதிச் சம்பளம் டென்வர் கணக்கில்.

இப்போது மறுபக்கம். சியாட்டில் வில்சனை அனுப்பியதற்காக 26 மில்லியன் டெட் மணியை 2022இல் ஒரே வருடத்தில் விழுங்கியது. வலித்திருக்கும், ஆனால் அதோடு கணக்கு முடிந்தது. அந்த வருடம் ஜீனோ ஸ்மித்தைக் குறைந்த விலைக்கு வைத்துக்கொண்டே பிளேஆஃப் போனார்கள். வந்த பிக்குகளில் சார்லஸ் கிராஸ், போயே மாஃபே, டெவன் விதர்ஸ்பூன், டெரிக் ஹால் என்று நான்கு பேர். கார்னர்பேக் (எதிரணி ரிசீவர்களைத் தடுப்பவர்) விதர்ஸ்பூனின் நான்கு வருட ஒப்பந்தம் சுமார் 32 மில்லியன். 2025இல் முன்னணி கார்னர்பேக்குகள் ஒரே வருடத்துக்கு 30 மில்லியன் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். இந்த வித்தியாசத்தைத்தான் டென்வர் தூக்கிக் கொடுத்தது.

ராம்ஸ் இப்படித்தானே ஜெயித்தார்கள் என்று உடனே கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். 2017 முதல் 2023 வரை முதல் சுற்றில் யாரையுமே எடுக்காமல் 2022 பிப்ரவரியில் சூப்பர் பௌல் (லீக்கின் இறுதிப் போட்டி) ஜெயித்தார்கள், உண்மைதான். ஆனால் கவனியுங்கள்: டெட்ராய்ட்டின் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டுக்காகப் பிக்குகளைக் கொடுத்தபோது தங்கள் பழைய குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபின் கனமான ஒப்பந்தத்தையும் சேர்த்து இறக்கிவைத்தார்கள். மூன்றாம் சுற்றிலிருந்து கீழே அவர்கள் எடுத்த ஆட்கள் அணியைத் தாங்கினார்கள். அந்த சூப்பர் பௌலின் சிறந்த ஆட்டக்காரர் கூப்பர் கப் மூன்றாம் சுற்றில் வந்தவர். ஏரன் டோனல்ட் அவர்களே 2014இல் எடுத்து வளர்த்தவர். அப்படி இருந்தும் அடுத்த சீசனில் 5-12, அந்த முதல் சுற்று பிக் டெட்ராய்ட்டுக்குப் போனது. முதல் சுற்றை விற்பவனுக்குக் கீழ்ச் சுற்றுகளில் ஆள் பிடிக்கும் கண் வேண்டும். வந்த முதல் வாரத்தில் ஒருவனுக்கு அது இருக்காது.

ட்ரேடுக்கு முன் ஒரே ஒரு கணக்குப் போடுங்கள். வரப்போகிறவரின் வருடச் செலவு எவ்வளவு, கொடுக்கப்போகும் பிக்குகளால் மலிவாக நிரம்பியிருக்க வேண்டிய இடங்களைச் சந்தையில் நிரப்ப எவ்வளவு. இரண்டையும் கூட்டினால் வருவதுதான் அவருடைய உண்மையான விலை. அந்தத் தொகையைப் பார்த்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். அந்தத் தம்பியிடம் இதைப் போட்டுக் காட்டினேன், ட்ரேட் முடிந்த பிறகு. அவன் கொடுத்த பிக் நான்காவது பிக்காக முடிந்தது, அந்தப் பிக்கை வாங்கிய மேனேஜர் அதில் இடது டாக்கிள் (குவார்ட்டர்பேக்கைக் காப்பவர்) எடுத்து இன்றும் நிம்மதியாக இருக்கிறார்.

ரீஸ்ட்ரக்சர் செய்தால் பணம் மிச்சம் என்று நம்புவது

மிச்சம் ஆகாது, தள்ளித்தான் போகும். 20 மில்லியன் சம்பளத்தை போனஸாக மாற்றி ஐந்து வருடத்தில் பரப்பினால் (ரீஸ்ட்ரக்சர் என்பது இதுதான்) கேப்பில் இந்த வருடம் 4 மில்லியன்தான் தெரியும், 16 மில்லியன் இடம் கிடைத்த மாதிரி இருக்கும். இரண்டு சீசன் கழித்து அவரை அனுப்பினால் பாக்கி 12 மில்லியன் ஒரே வருடத்தில் தலையில் விழும். ஜூன் 1க்குப் பிறகு அனுப்புவதாகக் காட்டினால் 4, 8 என்று இரண்டு வருடத்தில் பிரியும், தொகை அதேதான். கடன் வாங்கிக் கடன் அடைப்பது போல இதையே வருடா வருடம் செய்கிறவர்கள் கேப் ஏறிக்கொண்டே போகும் என்று நம்புகிறார்கள். பெரும்பாலும் ஏறத்தான் செய்கிறது, 1994இல் 34.6 மில்லியனில் தொடங்கி 2025இல் 279.2 மில்லியன். ஆனால் கொரோனாவால் 2021இல் 198.2இலிருந்து 182.5க்கு இறங்கியபோது நியூ ஆர்லியன்ஸ் எத்தனை பேரை விட்டுக்கொடுத்துக் கணக்கைச் சரிக்கட்டியது என்று பாருங்கள். ரீஸ்ட்ரக்சர் செய்வதென்றால், அந்த ஒப்பந்தம் முடியும்வரை எப்படியும் வைத்திருப்பீர்கள் என்று உறுதியான ஆளுக்கு மட்டும் செய்யுங்கள்.

முதல் சுற்றில் ரன்னிங் பேக்

ரன்னிங் பேக்கை (பந்தோடு ஓடுபவர்) முதல் சுற்றில் எடுக்காமல் சந்தையில் வாங்குங்கள். பிலடெல்பியா 2024இல் சாக்வான் பார்க்லியை மூன்று வருடம் 37.75 மில்லியனுக்கு எடுத்து அந்த சீசனிலேயே கோப்பை வென்றது. ரூக்கி சம்பளம் பிக் எண்ணுக்குத்தானே தவிர ஆடும் இடத்துக்கு இல்லை. அதனால் சந்தையில் விலை அதிகமான குவார்ட்டர்பேக், டாக்கிள், எட்ஜ் (எதிரணி குவார்ட்டர்பேக்கைப் பாய்ந்து பிடிப்பவர்), கார்னர் இவர்களை முதல் சுற்றில் தேடுங்கள்.

மலிவான குவார்ட்டர்பேக் இருக்கும்போது தூங்குவது

2022இல் கடைசிப் பிக், 262ஆவது ஆள், பிராக் பர்டி. வருடத்துக்கு ஒரு மில்லியனுக்கும் குறைவு. அந்த மிச்சத்தில்தான் சான் பிரான்சிஸ்கோ சுற்றிலும் நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு 2024 பிப்ரவரியில் சூப்பர் பௌல்வரை போனது. 2025இல் அவருக்கு ஐந்து வருடம் 265 மில்லியன். அந்த விலை வரப்போகிறது என்று தெரிந்த வசந்தத்திலேயே டீபோ சாமுவேலை ட்ரேட் செய்தார்கள், ஹுஃபாங்காவும் கிரீன்லாவும் டென்வருக்குப் போனார்கள். இந்த ஜன்னல் உங்கள் அணிக்கு எந்த வருடம் மூடும் என்று எழுதிவைத்து, மற்ற பெரிய ஒப்பந்தங்களை அந்த வருடத்துக்கு முன்னால் முடியும்படி போடுங்கள். எங்கள் லீக்கில் இந்த ஒன்றைத்தான் ஏறக்குறைய யாருமே செய்வதில்லை.

மேலே ஏறிப் பிடிப்பதற்காக எல்லாவற்றையும் கொடுப்பது

அதே சான் பிரான்சிஸ்கோ, 2021இல், ட்ராஃப்ட் வரிசையில் முன்னால் போய் எடுத்த குவார்ட்டர்பேக் ட்ரே லான்ஸ். மூன்று முதல் சுற்று பிக்குகள் போயின, 2023இல் அவரை அனுப்பியபோது வந்தது ஒரு நான்காம் சுற்று.

காம்பென்சேட்டரி பிக்கை மறப்பது

ஃப்ரீ ஏஜென்சியில் (ஒப்பந்தம் முடிந்தவர்கள் வேறு அணிக்குப் போகும் சந்தை) நீங்கள் எடுத்தவர்களைவிட இழந்தவர்கள் அதிகமாக இருந்தால், அடுத்த வருட ட்ராஃப்டில் மூன்றாம் சுற்று முதல் ஏழாம் சுற்று வரை எங்காவது கூடுதல் பிக் கிடைக்கும். பால்டிமோர் இதை வைத்தே பல வருடம் அணியை ஓட்டியது. ஆனால் இழந்த ஆளுக்குப் பதிலாக அதே விலையில் இன்னொருவரை மார்ச்சில் எடுத்தால் அந்தப் பிக் ரத்தாகும். பழைய அணியே ஒப்பந்தத்தை முறித்து வெளியே விட்டவரை எடுத்தால் ரத்தாகாது. ட்ராஃப்ட் முடிந்து அந்தத் திங்கள் கடந்த பிறகு எடுக்கிறவரும் கணக்கில் வரமாட்டார். அதனால் மார்ச்சில் சும்மா ஓர் இடத்தை நிரப்பத்தான் ஆள் வேண்டும் என்றால், ஒப்பந்தம் காலாவதியானவரை விட்டுவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள் பட்டியலை முதலில் பாருங்கள். அவசரமில்லாத இடம் என்றால் மே மாதம்வரை காத்திருங்கள், விலையும் அதற்குள் இறங்கியிருக்கும்.