முருகைத் தொட்டிக்கு லைட் நேரம் வைப்பதில் நடக்கும் தவறுகள்

முருகை (பவளம்) வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு நல்ல லைட் தேடிக் கொழும்புவரை போய் வருபவர்கள்கூட, அதை எத்தனை மணிக்குப் போட்டு எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று பெரிதாக யோசிப்பதில்லை. ஏதோ ஒரு நேரத்தை வைத்துவிடுவார்கள். பாசி பிடித்தால் குறைப்பார்கள், முருகை சுருங்கினால் கூட்டுவார்கள். இப்படிக் கூட்டிக் குறைப்பதே பல தொட்டிகளில் பாதிப் பிரச்சினை.

முருகையின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி வாழ்கிறது. வெளிச்சத்தில் அது செய்யும் உணவின் பெரும்பகுதி முருகைக்குத்தான் போகிறது. ஆகவே லைட் நேரம் வைக்கும்போது நீங்கள் அதற்குச் சாப்பாடு அளக்கிறீர்கள். அளவு என்பது மணித்தியாலம் மட்டுமல்ல, வெளிச்சத்தின் பலமும் சேர்ந்ததுதான். பலத்தை அளக்கும் கணக்கு 'பார்' (PAR). 150 பார் வெளிச்சம் 8 மணித்தியாலம் விழுந்தாலும், 200 பார் 6 மணித்தியாலம் விழுந்தாலும் நாளுக்குச் சேரும் ஒளி ஒன்றுதான். ஆனால் பலத்தை ஏற்றிக்கொண்டே போய் நேரத்தைக் குறைக்கலாம் என்று எண்ண வேண்டாம். ஓர் அளவுக்கு மேல் நுண்பாசியால் ஒளியைப் பயன்படுத்த முடியாது. மிஞ்சுவது தீங்குதான்.

சூரியனைப் பார்த்து விடிய 6 மணிக்குப் போட்டு மாலை 6 மணிக்கு நிறுத்துகிறவர்கள் கனபேர். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் பகல் கிட்டத்தட்ட பதினொன்றரை மணித்தியாலத்துக்கும் பன்னிரண்டே முக்காலுக்கும் இடையில்தான் இருக்கும். அதைத் தொட்டிக்கும் வைத்தால் என்ன என்று தோன்றும். கடலில் காலையும் மாலையும் வெயில் சரிந்து விழுகிறது. நல்ல பங்கு தண்ணீர் மேற்பரப்பிலேயே தெறித்துவிடும், நடுப்பகலைச் சுற்றிய சில மணித்தியாலங்கள்தான் பலமானவை. எல்இடி லைட்டோ, அப்படியே விட்டால், போட்ட நிமிடத்திலிருந்து நிறுத்தும்வரை ஒரே பலத்தில் அடிக்கும். ஆகவே லைட் மெல்ல ஏற ஒன்றரை மணித்தியாலம், முழுப் பலத்தில் ஐந்து அல்லது ஆறு, மெல்ல இறங்க ஒன்றரை. மொத்தம் எட்டிலிருந்து ஒன்பது மணித்தியாலம் பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளுக்குப் போதும். ஏற்றி இறக்குவது வெறும் அலங்காரம் என்று விட்டுவிடாதீர்கள். இருட்டிலிருந்து சட்டென்று முழு வெளிச்சம் வந்தால் சில மீன்கள் மிரண்டு துள்ளும், மூடியில்லாத தொட்டி என்றால் காலையில் தரையில்தான் கிடக்கும்.

அடுத்தது நம்மூருக்கே உரிய தவறு. உச்ச வெளிச்சத்தை மத்தியானத்தில் வைப்பது. தொட்டியின் கடிகாரம் வெளியே இருக்கும் சூரியனோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் வருடத்தில் முதல் தடவையாகச் சூரியன் நேர் உச்சிக்கு வருவது சித்திரைப் புத்தாண்டை ஒட்டித்தான். அதைத் தொடர்ந்து காண்டாவனம் என்னும் கடும் வெயில் காலம். அந்த நாட்களில் பின்னேரம் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் வீட்டுக் கூரையே சுடும். முருகைத் தொட்டி 25 முதல் 27 பாகை செல்சியஸில் இருந்தால் நல்லது. அறைச் சூட்டோடு லைட்டின் சூடும் பம்பின் சூடும் சேர்ந்து 30 பாகையைத் தாண்டினால் ஆபத்து. சூடும் பலமான வெளிச்சமும் ஒன்றாக வரும்போது நுண்பாசி வாங்கும் ஒளியைக் கையாள முடியாமல் தடுமாறும், நச்சான ஒட்சிசன் வகைகள் உண்டாகும், முருகை அந்தப் பாசியையே வெளியேற்றிவிடும். வெளிறுதல் என்பது இதுதான். 1998இல் கடல் சூடேறியபோது இலங்கையின் முருகைக்கற்பாறைகள் பரவலாக வெளிறியதும் இதே வழியில்தான்.

ஆகவே இங்கே பின்னேரம் 2.30 மணியளவில் ஏறத் தொடங்கி, 4 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் உச்சம் வரும்படி வைத்து, இரவு 10.30 மணிக்கு அணைப்பது மேல். அறை ஆறத் தொடங்கிய பிறகு உச்சம் வரும், தண்ணீரைக் குளிராக்கும் சில்லர் இருந்தால் அதற்கும் பாரம் குறையும். வேலையால் வந்து இருந்து பார்க்கவும் முடியும். வெயில் உச்சமான வாரங்களில் பலத்தைப் பத்து வீதமளவில் மெல்லக் குறைத்து வைப்பதும் புத்திசாலித்தனம்.

நீல வெளிச்சத்தைப் பற்றி நிறையப் பேரிடம் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. "வெள்ளையை எட்டு மணிக்கே நிறுத்திவிட்டேன், நீலம்தானே, அது விடிய விடிய இருக்கட்டும்" என்பார்கள். நம் கண்ணுக்குப் பச்சை, மஞ்சள் பக்கம்தான் கூர்மை, 450 நனோமீற்றர் நீலம் அதற்கு மங்கலாகத் தெரியும். முருகையின் நுண்பாசிக்கோ அந்த நீலம்தான் முதல்தரமான உணவு. பெரும்பாலான முருகை லைட்டுகளில் பலத்தின் பெரும்பங்கு நீலத்திலிருந்தே வருகிறது. ஆகவே மாலையில் நான்கு மணித்தியாலம் 'நீலம் மட்டும்' ஓடினால் அதுவும் கணக்கில் சேரும். இரவில் முழு இருட்டு வேண்டும். மீன்கள் உறங்கவும், பல முருகைகள் கொட்டும் இழைகளை நீட்டி இரை பிடிக்கவும், சிற்றுயிர்கள் கற்களுக்குள்ளிருந்து வெளியே வரவும் அதுதான் நேரம். நிலா வெளிச்சம் என்று விற்கும் சிறிய லைட்டை ஆசைக்கு ஒரு மணித்தியாலம் போடலாம், அதற்கு மேல் தேவையில்லை.

இன்னொருவரின் நேர அட்டவணையை அப்படியே எடுத்துப் போடுவது மிகச் சுலபமான வழி, மிக மோசமானதும் அதுதான். 'லைட் 60 வீதத்தில் ஓடுகிறது' என்ற இலக்கத்துக்குத் தனியே ஒரு பொருளும் இல்லை. அது எந்த லைட்டின் 60 வீதம், தண்ணீருக்கு எத்தனை அங்குலம் மேலே தொங்குகிறது, முருகை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியாமல் என்ன செய்வது? மஷ்ரூம், லெதர் போன்ற மென்முருகைகளுக்கு 50 முதல் 100 பார் போதும். ஹேமர், டார்ச் என்ற முருகை வகைகளுக்கு 75 முதல் 150. அக்ரோபோரா என்ற முருகைக்கு 200க்கு மேல். கைபேசியில் வரும் வெளிச்சமானியை நம்ப வேண்டாம், நீலத்தை அது சரியாக அளக்காது. பார் மீற்றர் விலை கூடியது, நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றிக் கொடுப்பது நல்ல ஏற்பாடு. அதற்கும் வழியில்லை என்றால் குறைவாகத் தொடங்கிப் பொறுமையாக ஏற்றுவதுதான் பாதுகாப்பு.

குறைவாகத் தொடங்குவது புதிதாக வந்த முருகைக்கும் பொருந்தும். நட்ட கன்றுக்கு முதல் சில நாள் மறைப்புப் போடுகிறோம் அல்லவா, அதே யோசனைதான். புது முருகையைத் தொட்டியின் அடியில், ஓரமாக வைத்து, மூன்று நான்கு வாரத்தில் மேலே கொண்டு வாருங்கள். புது லைட் மாட்டினால் பழையதைவிட நன்றாகக் குறைத்துத் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து வீதம் கூட்டுங்கள். ஒரு மாற்றத்துக்கு முருகை பதில் சொல்ல இரண்டு மூன்று வாரமாவது எடுக்கும். வெளிச்சம் கூடினால் நிறம் வெளிறும், சதை சுருங்கும், மஷ்ரூம் விளிம்பை உள்ளே மடிக்கும். குறைந்தால் மண்ணிறமாகும், தண்டு நீண்டு லைட்டை நோக்கி எட்டும். மண்ணிறமாவது தண்ணீரில் சத்துக் கூடினாலும் நடக்கும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

சத்து என்றதும் பாசி. பச்சைப் பாசி வந்தால் உடனே லைட்டில் கை வைப்பதுதான் வழக்கம். நேரத்தைக் குறைத்தால் பாசி கொஞ்சம் அடங்கும், ஆனால் அதற்குத் தீனி போடும் நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் தண்ணீரிலேயே இருக்கும். குடாநாட்டுச் சுண்ணக்கல் நிலத்தில் உரமும் மலசலகூடக் குழிகளின் கழிவும் சுலபமாக நிலத்தடி நீருக்கு இறங்கிவிடுகின்றன. நம் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அதிகம் என்பது பழைய செய்தி. அந்தத் தண்ணீரில் உப்புக் கரைத்தோ, ஆவியான அளவுக்கு அதையே ஊற்றியோ வந்தால், எந்த லைட் நேரமும் உங்களைக் காப்பாற்றாது. தண்ணீரில் கரைந்திருப்பதைப் பிரிக்கும் ஆர்ஓ வடிகட்டியும் அதற்குப் பின்னால் மிச்சத்தை எடுக்கும் டிஐ வடிகட்டியும் முதலில், லைட்டைப் போட்டு நிறுத்தும் ரைமர் அப்புறம். புதுத் தொட்டியில் முதல் வாரங்களில் படியும் மண்ணிறப் படிவு வேறு, பெரும்பாலும் அது தானாகவே போய்விடும். முருகை வைக்காத தொட்டிக்கு அந்த நாட்களில் பலமான லைட்டே தேவையில்லை.

யன்னலோரத் தொட்டிக்கு ஒரு வார்த்தை. மார்கழி, தையில் சூரியன் தெற்கே சரிவதால் தெற்கு யன்னலூடாக வெயில் அறைக்குள் ஆழமாக வரும், சித்திரையில் அதே இடத்தில் வெயிலே இருக்காது. நீங்கள் எதையும் மாற்றாமலே உங்கள் அட்டவணை மாறிவிடும். திரை போடுங்கள்.

கடைசியாகக் கரண்ட். சாதாரணச் சுற்று ரைமர் கரண்ட் போன நேரம் அப்படியே நிற்கும், இரண்டு மணித்தியால வெட்டு என்றால் அன்றிலிருந்து எல்லாம் இரண்டு மணித்தியாலம் பிந்தும். மாதத்தில் சில வெட்டுகள் வந்தால் தொட்டிக்கு நள்ளிரவில் மத்தியானமாகிவிடும். உள்ளே மின்கலம் இல்லாத சில கட்டுப்படுத்திகள் கடிகாரத்தைப் பூச்சியத்துக்குத் திருப்பிவிடும், சில முழுப் பலத்தில் எரியத் தொடங்கும். வாங்கிய அன்றே பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்து மாட்டிப் பாருங்கள், உங்களுடையது எந்த ரகம் என்று தெரிந்துவிடும். செயலி மூலம் இயங்குவது என்றால் நேரவலயம் இலங்கைக்குத்தான், அதாவது கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2022இல் போல நீண்ட வெட்டுகள் வந்தால், மின்கலத்தில் லைட்டை ஓட்டுவது வீண். காற்றுப் பம்பும் நீரோட்டப் பம்பும்தான் முதலில். நீரோட்டம் நின்றால் ஒட்சிசன் குறைந்து சில மணித்தியாலங்களிலேயே மீன்கள் சாகலாம், ஆனால் ஒன்றிரண்டு நாள் இருட்டை முருகை தாங்கிக்கொள்ளும். கரண்ட் வந்ததும் விட்ட நேரத்தை ஈடுகட்ட நள்ளிரவுவரை லைட்டை எரிய விடத் தேவையில்லை. கடிகாரத்தைச் சரிபார்த்துவிட்டு வழமையான நேரத்துக்கே அணைய விடுங்கள்.