கடலூரிலிருந்து மொம்பாசாவுக்கு: பைக்கைப் பெட்டி கட்டி அனுப்புவது எப்படி

என்னுடைய ஹிமாலயன் 411 கடலூர் முதுநகரில் பெட்டிக்குள் ஏறி, சென்னைத் துறைமுகம் வழியாகக் கென்யாவின் மொம்பாசாவில் இறங்கியது. அங்கிருந்து கேப் டவுன் வரை ஓட்டிப் போனேன். திரும்பி வந்த நாளிலிருந்து கடலூரிலும் பாண்டியிலும் வண்டி ஓட்டும் தம்பிகள் முதலில் கேட்பது, "எவ்ளோ செலவாச்சுண்ணா?" நான் திருப்பிக் கேட்பது, "ஆர்.சி.யில உன் பேர் எப்படி இருக்கு?"

நமக்கெல்லாம் இனிஷியல் அல்லவா? என் ஆர்.சி.யில் அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும், அதுவும் பெயருக்கு முன்னால். லைசென்ஸில் அதே எழுத்து பெயருக்குப் பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் சர்நேம் கட்டத்தில். நம் ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வெளிநாட்டு கஸ்டம்ஸ் கவுன்ட்டரில் இவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள். அதனால் பாஸ்போர்ட் ஸ்பெல்லிங்கை மூலமாக வைத்து, ஆர்.சி., லைசென்ஸ் இரண்டையும் அதற்கு ஒத்து மாற்றிக்கொள்ளுங்கள். வண்டி மேல் லோன் இருந்தால் அடைத்துவிட்டு, ஆர்.சி.யிலிருந்து பேங்க் பெயரையும் எடுத்துவிடுங்கள். எனக்கு இதற்கே இரண்டு மாதம் ஓடிவிட்டது. மற்ற வேலை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அடுத்தது சேஸிஸ் நம்பர். ஆர்.டி.ஓ. வேலைக்கு எடுப்பது போலவே, நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். மூன்று நான்கு பிரதி இருக்கட்டும். ஆர்.சி.யைப் பார்த்து டைப் செய்ததை நம்பாதீர்கள், இரும்பில் என்ன வெட்டியிருக்கிறதோ அதுதான் கணக்கு. என் ஷிப்பிங் ஏஜென்ட் அலுவலகத்திலிருந்து வந்த பில் ஆஃப் லேடிங் (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது) டிராஃப்டில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில 'ஓ' இருந்தது. 17 இலக்க சேஸிஸ் நம்பரில் ஐ, ஓ, க்யூ மூன்று எழுத்தும் வரவே வராது, 1, 0 என்ற எண்களோடு குழம்பக் கூடாது என்பதற்காகவே அவற்றை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அது தெரிந்திருந்ததால் கண்ணில் பட்டது. "சின்ன மிஸ்டேக்தான் சார், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். நான் விடவில்லை. கப்பல் கிளம்பும் முன் திருத்துவது ஒரு மெயிலோடு முடியும். கிளம்பிய பிறகு திருத்தினால் அதற்குத் தனிக் கட்டணம், மொம்பாசா கிடங்கில் நாள் வாடகையும் ஏறிக்கொண்டே இருக்கும்.

கார்னெட் என்பது வண்டியைத் தற்காலிகமாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதற்கான சுங்கப் புத்தகம். அதற்கு மும்பையில் உள்ள வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷனில் விண்ணப்பித்தேன். வண்டியை விற்காமல் திரும்பக் கொண்டுபோய்விடுவேன் என்பதற்கு அந்தப் புத்தகம்தான் உத்தரவாதம். அது இருந்தால் வழியில் உள்ள நாடுகளில் இறக்குமதி வரி கட்ட வேண்டாம். வண்டியின் மதிப்பையும் போகும் நாடுகளையும் பொறுத்து பேங்க் கேரன்டியோ டெபாசிட்டோ கேட்பார்கள். செல்லுபடி ஒரு வருடம். கோயில் நன்கொடை ரசீது புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. நாட்டுக்குள் நுழையும்போது ஒரு துண்டைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது இன்னொன்றை. அடிக்கட்டை உங்களிடமே இருக்கும், அதில் நுழைந்ததற்கும் வெளியேறியதற்கும் இரண்டு முத்திரை விழுந்திருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ஊர் திரும்பிய பிறகு டெபாசிட் தொங்கும். மழையோ ராத்திரியோ, அடிக்கட்டையைப் பார்க்காமல் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

போட்ஸ்வானாவில் நுழைந்த பிறகு ஒரு விஷயம் பலரைக் கலங்க வைக்கும். போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா, லெசோதோ, எஸ்வாட்டினி ஐந்தும் ஒரே சுங்க ஒன்றியம். முதல் நாட்டில் நுழையும்போது ஒரு முத்திரை, கடைசி நாட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு முத்திரை. இடையில் உள்ள எல்லைகளில் போடாவிட்டால் பதற வேண்டாம்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, பணம் மிச்சமானதும் இதில்தான். தனிக் கன்டெய்னர் எடுக்காமல் மற்றவர்கள் சரக்கோடு சேர்த்து அனுப்பினால், கன மீட்டருக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். 1,000 கிலோவா ஒரு கன மீட்டரா, எது கூடுதலோ அது கணக்கு. பைக் விஷயத்தில் எப்போதும் அளவுதான் ஜெயிக்கும். வண்டியை நின்றபடியே அடைத்தால் பெட்டி 2.25 மீட்டர் நீளம், 0.95 அகலம், 1.45 உயரம், கிட்டத்தட்ட 3.1 கன மீட்டர். முன் சக்கரம், கண்ணாடி, விண்ட்ஷீல்டு எல்லாம் கழற்றி, ஹேண்டில்பாரைத் தளர்த்தி டேங்க் மேல் படுக்க வைத்தேன். பெட்டி 2 மீட்டர், 0.8, 1.2 என்று சுருங்கியது. 1.92 கன மீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். விமானத்தில் அனுப்பினாலும் இந்தச் சுருக்கம் உதவும். சென்டிமீட்டரில் நீள அகல உயரத்தைப் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால், இதே பெட்டி 320 கிலோ என்று கணக்காகும்.

மரத்தில் பெட்டி செய்தால் அது சூடேற்றியோ மருந்துப்புகை போட்டோ பூச்சி போக்கிய மரமாக இருக்க வேண்டும். சூடேற்றுவதானால் கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி, 30 நிமிடம், அதற்கான கோதுமைக் கதிர் முத்திரை கட்டையில் இருக்க வேண்டும். பூச்சி நாடு விட்டு நாடு போகாமலிருக்கத்தான் இந்த விதி. முதுநகர் மரவாடிகளில் நான் விசாரித்தவரை முத்திரை போட்ட மரம் கிடைக்கவில்லை. ஒட்டுப்பலகைக்கு இந்த விதி கிடையாது, பசையும் சூடும் அழுத்தமும் சேர்த்தே அதைச் செய்கிறார்கள். இரும்புக்கும் கிடையாது. எனவே லேத் பட்டறை அண்ணனிடம் சதுரப் பைப்பில் பிரேம் அடிக்கச் சொல்லி, பக்கங்களுக்கு பிளைவுட் போட்டேன்.

"வெல்டு அடிச்சிடறேன் சார், அசையாது" என்றார்.

"வேணாம்ணே, மூலைக்கு மூலை போல்ட்டு வைங்க. அந்த ஊர்ல நான் ஒரு ஸ்பேனரோட நிப்பேன்."

அடித்தளம் மட்டும் வெல்டிங், மீதி எல்லாம் 13 நம்பர் ஸ்பேனருக்கு வரும் போல்ட். ஃபோர்க்லிஃப்ட் நுழைய அடியில் 10 சென்டிமீட்டர் இடைவெளி. முன் ஃபோர்க்கின் ஆக்ஸில் உட்கார அடித்தளத்தில் ஒரு கவ்வி. அண்ணன் தாமாகவே சேர்த்த ஒன்றை நான் இன்றும் எல்லோருக்கும் சொல்கிறேன். சேஸிஸ் நம்பர் இருக்கும் கழுத்துப் பகுதிக்கு நேராக பிளைவுட்டில் ஒரு சாண் அளவு ஜன்னல் வெட்டி, நாலு திருகாணியில் மூடி போட்டார். கஸ்டம்ஸ் அதிகாரி அந்த மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, என் பென்சில் பிரதியோடு நம்பரை ஒப்பிட்டார். பெட்டியைப் பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை.

பெட்ரோலை முழுக்க வடித்து, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பேட்டரி வயரைக் கழற்றி முனைகளில் டேப் சுற்றுங்கள். வாகனங்கள் யு.என். 3166 என்ற எண்ணின் கீழ் அபாயச் சரக்குப் பட்டியலில் வருவதால் இதைக் கண்டிப்பாகக் கேட்பார்கள். ராட்செட் பெல்ட் நாலு போதும். பின் சஸ்பென்ஷனைப் பாதிதான் அமுக்க வேண்டும், முழுக்க அமுக்கினால் சீல் கசியும். கட்டிய அன்றே அனுப்பாதீர்கள். குட்டியானையில் ஏற்றி ஈ.சி.ஆரில் போகும்போது மரக்காணத்தில் டீக்கு நிறுத்திப் பார்த்தேன், இரண்டு பெல்ட் தளர்ந்திருந்தது. கடலில் வாரக்கணக்கில் ஆடப்போகிற வண்டிக்கு அந்த மரக்காணம் வரையிலான ஓட்டம் நல்ல பரீட்சை.

கன்டெய்னருக்குள் ராத்திரியில் வியர்க்கும். கடற்கரையில் குடியிருக்கும் நமக்கு உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. செயினுக்கும் ஸ்போக்குக்கும் ஆயில் துணியால் ஒரு பூச்சு, மேலே பழைய பருத்தி பெட்ஷீட், ஓரங்களில் சிலிக்கா ஜெல். பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கிச் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அம்மா கொடுக்கும் பருப்புப்பொடி, ஊறுகாய் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். உள்ளே வைக்கும் ஹெல்மெட், டூல்ஸ், டியூப் அத்தனையும் பேக்கிங் லிஸ்ட்டில் ஏற வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புபவர்கள் டயர் இடுக்கில் ஒட்டிய மண்ணைக்கூட விடாமல் கழுவ வேண்டும், அங்கே மண்ணுக்கும் விதைக்கும் சோதனை கடுமை.

ஏஜென்டிடம் பேசும்போது கப்பல் கட்டணத்தை மட்டும் கேட்டு மயங்காதீர்கள். எனக்கு மொம்பாசாவில் இறக்குவதற்கும் கிடங்குக்கும், சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டருக்கும் ஆனது, கடல் கட்டணத்தைவிட அதிகம். அந்தப் பக்கச் செலவை வரி வரியாக எழுதி வாங்குங்கள், எத்தனை நாள் இலவச வாடகை என்பதையும் சேர்த்து. ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங்கைக் கையோடு எடுத்துப் போவதா, சென்னையிலேயே சரண்டர் செய்வதா (ஒரிஜினலைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மொம்பாசாவில் அது இல்லாமலேயே சரக்கை எடுக்கலாம்) என்பதை முன்னதாகவே முடிவு செய்யுங்கள். நான் சரண்டர் செய்தேன், நிம்மதியாக இருந்தது.

கடல் இன்ஷூரன்ஸ் கட்டாயம் எடுங்கள், வண்டி பழசானாலும். கப்பலுக்கு ஆபத்து வந்து, அதைக் காப்பாற்றச் செலவு செய்தால், அந்தச் செலவைச் சரக்கு வைத்திருக்கும் எல்லோரும் பங்கிட்டுக் கட்ட வேண்டும் என்பது பழைய கடல் வழக்கம். 2021-இல் எவர் கிவன் சூயஸில் சிக்கியபோது கப்பல் உரிமையாளர் இதைத்தான் அறிவித்தார். இன்ஷூரன்ஸ் இல்லாதவர் கையிலிருந்து பணம் கட்டினால்தான் சரக்கை எடுக்க முடியும்.

மற்றவை சுருக்கமாக. இன்டர்நேஷனல் லைசென்ஸ் நம் ஆர்.டி.ஓ.விலேயே கிடைக்கும், ஒரு வருடம் செல்லும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடி, பிறகு ஆயுளுக்கும் போதும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் நம் ஏர்போர்ட்டிலேயே தனிமைப்படுத்துவார்கள். கென்யாவில் இறங்கியதும், கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான கொமேசா மஞ்சள் அட்டை வண்டி இன்ஷூரன்ஸ் வாங்கினால் தான்சானியா, மலாவி, ஜாம்பியாவுக்கும் செல்லும். நான் போன எல்லா நாட்டிலும் நம்மைப் போலவே இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள்.

கொழும்பில் கப்பல் மாறி, என் பெட்டி போய்ச் சேர 34 நாள் ஆனது. சொன்ன தேதியைவிட ஒன்பது நாள் தாமதம். கப்பல் மொம்பாசா வந்துவிட்டது என்று அங்குள்ள ஏஜென்ட் எழுதும்வரை விமான டிக்கெட் போடாதீர்கள். கிளிந்தினி துறைமுகக் கிடங்கில் ஸ்பேனரோடு நின்று, ஜன்னல் மூடியைத்தான் முதலில் திறந்தேன். நம்பர் மங்காமல் தெரிந்தது. கார்னெட்டில் முத்திரை விழுந்த பிறகு சக்கரத்தை மாட்டி, பேட்டரி வயரைக் கொடுத்து, கேனில் வாங்கி வந்த இரண்டு லிட்டர் பெட்ரோலை ஊற்றினேன். பிரித்த பிரேமையும் பிளைவுட்டையும் அந்த ஏஜென்டிடமே கொடுத்தேன். போல்ட்டுகளை மட்டும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டேன், கேப் டவுனில் திரும்பப் பெட்டி கட்ட அவை தேவைப்பட்டன.